என் கார்டில் கோகிலாக்கா

ஜூன் 10, செவ்வாய்

வியாழக்கிழமை எங்கள் பனியன் கம்பெனி கேன்டீனில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாமாம். இருபத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் எல்லோரும் கட்டாயம் வர வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். எங்களிடம் துணி வாங்கும் வெளிநாட்டு பையர் ஆடிட்டுக்கு வருகிறான், அவனுக்குப் போட்டோ காட்ட வேண்டும். மற்றபடி எங்கள் கர்ப்பப்பை மேல் இவர்களுக்கு எப்போது அக்கறை வந்தது?

மத்தியானம் செக்கிங் டேபிளில் இதே பேச்சுதான். "அதெல்லாம் நாப்பது வயசுக்கு மேல வர்றது" என்றாள் நித்யகலா. அவளுக்கு இருபத்தாறு. கல்யாணம் ஆகாதவர்களுக்கு இது எதற்கு என்று ஒருத்தி கேட்டாள். "டாக்டரம்மா பாத்தாலே எல்லாம் கண்டுபுடிச்சிருவாங்களாம். யாரு எப்புடின்னு" என்று இன்னொருத்தி சொல்ல, டேபிளே சிரித்தது. நானும் சிரித்தேன். கொஞ்சம் சத்தமாகவே.

கோகிலாக்கா மட்டும் பனியனில் நூல் பிசிறு வெட்டிக்கொண்டே, "கிளறிப் பாத்தா இல்லாததெல்லாம் வரும். நான் அந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்க மாட்டேன்" என்றாள்.

கோகிலாக்கா என்றால் கோகிலவாணி. முப்பத்தொரு வயது, காங்கயம் பக்கத்துக்காரி, வீட்டுக்காரர் ரவி ஒரு மில்லில் ஃபிட்டர், ஒன்பது வயதில் தன்ஷிகா என்று ஒரு பெண். நாலு வருடத்துக்கு முன்னால் ஆண்டிபட்டியிலிருந்து வந்து இறங்கி, ஹாஸ்டல் சாம்பாரைப் பார்த்து அழுதுகொண்டிருந்த எனக்கு இரண்டாவது டிபன் பாக்ஸ் கட்டிக்கொண்டு வந்த ஒரே ஆள். இன்றைக்கும் அது நிற்கவில்லை. காலையில் யாருக்கு லேட்டானாலும் முதலில் வந்தவள் கேட்டில் இருக்கும் மெஷினில் இரண்டு பேர் வருகைக் கார்டையும் தேய்த்துவிடுவது எங்கள் வழக்கம். லைனில் எல்லோரும் செய்வதுதான்.

ஜூன் 12, வியாழன்

முகாம் என்று பேர். கேன்டீனில் டேபிள் போட்டு ஆஸ்பத்திரிப் பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களிடம் கேள்வி கேட்டுப் பாரம் நிரப்பினார்கள். ஊருக்கே கேட்கும் குரலில். முதலில் பேர், வயது. இரண்டாவது, கல்யாணம் ஆகிவிட்டதா. ஆகவில்லை என்றால் அதற்கடுத்து ஒரு கேள்வி. அதை இங்கே எழுதப் போவதில்லை. பின்னால் நிற்கிற பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

கோகிலாக்கா காலையிலேயே எச்.ஆர். மேடத்திடம் தீட்டு என்று சொல்லித் தப்பித்துவிட்டாள். அந்தச் சாக்கு எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. நான் போய்ச் சொன்னபோது, "ஏம்மா, செக்கிங் டேபிள்ல பதினெட்டு பேருக்கும் ஒரே நாள்லயா?" என்று மேடம் முறைத்தார். முகாம் வாசலில் கார்டு தேய்க்காதவர்கள் சாயங்காலம் தனித்தனியாக வந்து காரணம் சொல்ல வேண்டுமாம். பொய் சொல்லிவிடலாம். ஆனால் என் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருக்கும்.

வயிற்றை வலிக்கிறது, என்னால் நிற்க முடியவில்லை என்று கோகிலாக்காவிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "கார்டைக் குடு. தேச்சுட்டு வந்தர்றேன்" என்றாள். கார்டில் இருப்பது நான் வேலைக்குச் சேர்ந்தபோது எடுத்த போட்டோ. அதில் நானே நான் இல்லை.

அரை மணி நேரம் கழித்து முகமெல்லாம் வேர்த்து வந்தாள். "தேச்சுட்டு வரலாம்னு போனா பிடிச்சுப் படுக்க வெச்சுட்டாங்க, பாவி மகளுங்க. கல்யாணம் ஆயிருச்சான்னாங்க. கழுத்துல கெடக்கறதை மறைக்கவா முடியும், ஆயிருச்சுன்னுட்டேன். இப்ப நீ கல்யாணம் ஆனவ, தெரிஞ்சுக்க."

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். சாயங்காலம் அவளுக்கு வாழைக்காய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன்.

ஜூன் 15, ஞாயிறு

திருமூர்த்தி மலைக்குப் போய்விட்டு வந்தோம். அருவியில் நல்ல தண்ணீர். அம்மா போன் செய்தபோது ஹாஸ்டலில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். போடியில் ஒரு வரன் வந்திருக்கிறதாம்.

ஜூன் 30, திங்கள்

பதினோரு மணிக்கு முகாம் நடத்திய ஆஸ்பத்திரியிலிருந்து போன். பேசியவர் மெர்லின் சிஸ்டர். "நாகஜோதிங்களா? முகாம்ல எடுத்த சாம்பிள்ல கொஞ்சம் மாற்றம் தெரியுது. பயப்பட வேண்டாம்மா. இதை வெச்சு கேன்சர்னு சொல்ல முடியாது. ஆனா மறுபடி வந்து பாத்துரணும். உங்க வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க."

சரிங்க என்று வைத்துவிட்டேன். எனக்கு வீட்டுக்காரர் ஏது. முகாமில் படுத்ததும் நான் இல்லையே. எதிர் டேபிளில் கோகிலாக்கா பிசிறு வெட்டிக்கொண்டே தன்ஷிகாவின் காதுகுத்துக்கு யார் யாருக்குப் பத்திரிகை வைக்கவில்லை என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள்.

முதலில் என் மனதில் வந்தது என்ன தெரியுமா? நல்லவேளை, என்னுடையது இல்லை. அப்படித்தான் வந்தது. எழுதி வைக்கிறேன், கிடக்கட்டும்.

ஜூலை 2, புதன்

சொல்லவில்லை.

ஜூலை 4, வெள்ளி

ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து. ஒன்பது வயது வரை காது குத்தாமல் வைத்திருந்ததே, குவைத்திலிருக்கும் தாய்மாமன் வந்து மடியில் உட்காரவைக்க வேண்டும் என்பதற்காகத்தான். அவர் வந்து இறங்கிவிட்டார். இந்த நேரத்தில் போய் எப்படிச் சொல்வது? விசேஷம் முடியட்டும்.

கட்டிங் செக்‌ஷனில் எனக்குத் தெரிந்த ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "இன்னிக்கே சொல்லிரு. அப்புறம் நீயும் போய்ப் பாத்துக்க. நான் வெளிய நிக்கிறேன்" என்றார். ஏதோ கரண்ட் பில் கட்டப் போவதுபோலச் சொல்கிறார். எரிச்சலாக வந்தது. வெளியே நிற்பது சுலபம்தான்.

ஜூலை 6, ஞாயிறு

காதுகுத்துக்குப் போனேன். தன்ஷிகா அழவே இல்லை, மாமன்தான் அழுதார். கோகிலாக்கா மாம்பழக் கலர் பட்டுச்சேலையில் பந்தி பந்தியாக ஓடி ஓடிப் பரிமாறினாள். என் இலைக்கு முன்னால் வந்து, "ஏஞ்சாமி, ஒண்ணுமே தொடல? ஒடம்புக்கு முடியலயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். அந்த ஊரிலேயே அன்றைக்கு உடம்புக்கு முடியாத ஆள் யார் என்று தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

ஜூலை 9, புதன்

சொல்லிவிட்டேன். ஒன்பது நாள் கழித்து, டீ டைமில், அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் நின்று.

கேட்டுவிட்டு டீ டம்ளரைப் பெட்டி மேல் வைத்தாள். பிறகு, "யாரு பேர்ல வந்திருக்கு?" என்றாள்.

"எம் பேர்லதான்க்கா. ஆனா எடுத்தது உங்களுக்குத்தானே."

"பேரு உன்னுது. அப்ப உனக்குத்தான் வந்திருக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் விளையாட்டு இல்லை. "என்ற பேரை நான் குடுக்கவே இல்ல. நான் பாட்டுக்கு இருந்தேன். உன்ற கார்டு, உன்ற நோவு. என்ற தலையில கட்டாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். டிபன் பாக்ஸ் இரண்டும் அவள் பையிலேயே இருந்தன. எனக்குக் கொடுக்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

அரை நாள் லீவு போட்டுவிட்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனேன். மெர்லின் சிஸ்டரிடம் கார்டு மாற்றியதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"படிச்ச பொண்ணுதான நீ? ஒருவேளை போன் நம்பர் மாறியிருந்து, அந்தப் பொண்ணுக்குத் தெரியாமலே போயிருந்தா?"

திட்டட்டும் என்று நின்றேன். திட்டி முடித்ததும் தண்ணீர் கொடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் படம் போட்டு விளக்கினார். இது ஒரு வைரஸால் வருவது, நிறையப் பேருக்கு வந்து தானாகவே போய்விடுகிறது, சிலருக்குத் தங்கிவிடுகிறது. தங்கினாலும் புற்றுநோயாக மாறப் பல வருடம் ஆகும். அதற்குள் பார்த்துவிட்டால் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடலாம். "பயம் வேண்டாம், ஆனா வரணும். அவங்க வராம நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

கிளம்பும்போது, "ஆமா, அன்னிக்கு நீ ஏம்மா வரல?" என்று கேட்டார்.

வேலை இருந்தது என்று சொன்னேன்.

ஜூலை 14, திங்கள்

சிஸ்டர் படம் போட்ட அந்தத் தாளை கோகிலாக்காவின் டேபிளில் வைத்தேன். தள்ளிவிட்டாள். மறுபடி வைத்தேன். என் பிடிவாதம் அவளுக்குத் தெரியும், அவள் பிடிவாதம் எனக்குத் தெரியும்.

"சரிக்கா, எனக்குத்தான் வந்திருக்குன்னு வெச்சுக்குவோம். அப்ப ரெண்டு பேரும் போவோம். ரெண்டு பேரும் பாத்துக்குவோம். யாருதுன்னு தெரிஞ்சுரும்ல?"

கத்தரியைக் கீழே வைத்தாள். "நீ பாத்துக்குவியா? நெசமா?"

"பாத்துக்கறேன்."

அதற்கப்புறம் அவள் அழுதாள். எனக்குப் பயமாக இருக்கிறது ஜோதி, அந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசுதான் ஆகிறது என்றாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் வந்தவர், எங்களைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போனார். அந்த மனுஷனுக்கு என் ஆயுசில் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன்.

ஜூலை 15, செவ்வாய்

போனோம். ரவி அண்ணனும் வந்தார். முந்தின நாள்தான் அவரிடம் சொல்லியிருக்கிறாள். பஸ்ஸில் அவர், "எங்கிட்ட சொல்றதுக்கு என்ன கோகிலா? நான் என்ன ஊரான் வீட்டுக்காரனா?" என்று மட்டும் கேட்டார். வழியெல்லாம் அவள் கையை விடவில்லை.

பாரத்தில் இந்தத் தடவை கோகிலவாணி என்றே எழுதினார்கள். டாக்டர் உள்ளே கருவி வைத்துப் பார்த்து, துளி சதை எடுத்து அனுப்பினார். பத்து நிமிடம்தான். வெளியே வந்தவள், "பல்லு புடுங்கறது இதவிட வலிக்கும்" என்றாள்.

அடுத்து என் முறை. டாக்டரைப் பார்க்க நிறையப் பேர் காத்திருந்தார்கள், எனக்கும் கம்பெனிக்குத் திரும்ப வேண்டியிருந்தது. இன்னொரு நாள் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கோகிலாக்கா ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 24, வியாழன்

கேன்சர் இல்லை.

இன்னொரு தடவை எழுதுகிறேன். கேன்சர் இல்லை. ஆனால் விட்டிருந்தால் அப்படி ஆகியிருக்கக்கூடிய மாற்றம், முற்றின நிலையில். அடுத்த வாரம் அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவார்களாம், கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை, அன்றைக்கே வீட்டுக்கு வந்துவிடலாம். "நாலஞ்சு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்" என்றாராம் டாக்டர்.

போனில் இதையெல்லாம் சொன்னது ரவி அண்ணன்தான். அப்புறம், "நீ நல்லா இருக்கோணும் கண்ணு" என்றார். பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஆண்டிபட்டிப் பக்கம் இருக்கும் சாமி, இந்தப் பக்கம் இருக்கும் சாமி, மெர்லின் சிஸ்டரின் சாமி, எல்லோருக்கும் நன்றி சொன்னேன்.

ஜூலை 31, வியாழன்

எடுத்துவிட்டார்கள். மரத்துப்போக ஊசி போட்டு, கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ரவி அண்ணன் எத்தனை இளநீர் வாங்கிவந்தார் என்று தெரியாது, சிஸ்டர்களுக்கெல்லாம் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தார். தன்ஷிகாவுக்கு இந்த வயதில் தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சொன்னதும், படுத்திருந்த கோகிலாக்கா எழுந்து உட்கார்ந்து எப்போது கூட்டிவர வேண்டும் என்று கேட்டாள். கிளறிப் பார்த்தால் இல்லாததெல்லாம் வரும் என்று சொன்னவள்.

ரவி அண்ணன் வராந்தாவில் என் முன்னால் நின்று கையைக் கூப்பினார். "உன்ற கார்டுதாம்மா காப்பாத்துச்சு." எனக்குக் கூச்சமாக இருந்தாலும், உள்ளுக்குள் ஒரு ஓரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. என் கோழைத்தனம்கூட ஒருத்திக்கு உதவியிருக்கிறது பாருங்கள்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஹாஸ்டலில் துணி துவைத்தேன். இந்தத் தடவை நிஜமாகவே. போடி வரனை வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

செக்கிங் டேபிளில் நித்யகலா, "அக்கா, அந்தப் பரிசோதனை ரொம்ப வலிக்குமா?" என்று கோகிலாக்காவிடம் ரகசியமாகக் கேட்டாள். அவள் ரகசியமாகப் பதில் சொல்லவில்லை. டேபிள் முழுக்கக் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்று பேர் ஆஸ்பத்திரி போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நான் குனிந்து பனியனில் தையல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 20, புதன்

எடுத்த சதையின் ரிப்போர்ட் வாங்க கோகிலாக்காவோடு போனேன். ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது, முழுதாக எடுத்தாயிற்று, ஆறு மாதம் கழித்து வந்து காட்டினால் போதும். கோகிலாக்கா அந்தத் தாளை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, ரெண்டு மணி பஸ்ஸைப் புடிச்சிரலாம்" என்று எழுந்தேன்.

அவள் எழவில்லை. "உக்காரு. நீ பாக்கலியா?"

"அடுத்த வாரம் வந்து பாத்துக்கறேன்க்கா."

"ஜோதி, அன்னிக்கு வயித்து வலின்னு சொன்னியே, நான் நம்பிட்டேன்னு நெனச்சயா?"

நான் உட்கார்ந்தேன்.

"அந்தப் பிள்ளைங்க கேக்கற கேள்வியெல்லாம் காதுல விழுந்துட்டுத்தான இருந்துச்சு. மூணாவது கேள்விக்கு உன்ற மொகம் எப்புடிப் போச்சுன்னு நான் பாத்தேன். பத்துப் பேருக்கு முன்னால நீ மாட்டிக்கக் கூடாதுன்னுதான் கார்டைக் குடுன்னு கேட்டேன். இல்லாட்டி நான் ஏஞ்சாமி அந்த வாசப்படிய மிதிக்கறேன்? அந்த நோவு பேரைக் கேட்டாலே எனக்குப் பயம்."

இரண்டு மாதமாக இந்த டைரியில் நான் என்னவோ அவளைக் காப்பாற்றிவிட்டதுபோல எழுதிக்கொண்டிருக்கிறேன். கார்டு காப்பாற்றியது, கோழைத்தனம் காப்பாற்றியது என்று. அவள் சாவுக்குப் பயந்தாள். அந்தப் பயத்தோடு, என் மானம் போகக் கூடாது என்பதற்காக உள்ளே போய்ப் படுத்திருக்கிறாள். அவளைக் காப்பாற்றியது என்மேல் அவள் வைத்திருந்த பிரியம். அவள் இத்தனை நாளும் இதை எனக்குச் சொல்லவில்லை, தன் வீட்டுக்காரருக்கும் சொல்லவில்லை. நான் அவளுக்குச் செய்தது, ஒன்பது நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது.

"மன்னிச்சுருங்கக்கா. அப்பவே சொல்லாம விட்டுட்டேன்" என்றேன்.

"ஒம்பது நாள் நான் நிம்மதியா பலகாரம் சுட்டேன். அது பெருசில்ல. இப்ப நீ உள்ள போ. உன்ற பேர்ல இனி நான் போக முடியாது."

போனேன். தனி அறை. கதவைச் சாத்திவிட்டு மெர்லின் சிஸ்டர் எதிரில் உட்கார்ந்தார். பேர் கேட்டார், வயது கேட்டார். கல்யாணம் ஆகவில்லை என்றேன். அடுத்த கேள்வியை மெதுவாகத்தான் கேட்டார். ஆமாங்க என்றேன். தலை நிமிராமல் எழுதிக்கொண்டு, தடுப்பூசி போட்டிருக்கிறாயா என்று அதற்கடுத்ததைக் கேட்டார். இவ்வளவுதான். இதற்குத்தான் நான் இரண்டு மாதம் ஓடினேன்.

ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகும். எதுவாக இருந்தாலும் என் பேரில் வருவது என்னுடையதாக இருக்கும். பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

வெளியே வந்தேன். கோகிலாக்கா என் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலித்ததா என்று கேட்கவில்லை.

"அந்தத் தம்பி பேரென்ன?" என்றாள்.

நாலு வருடத்தில் அந்தப் பேரை அம்மாவிடம் சொன்னதில்லை, ஹாஸ்டலில் சொன்னதில்லை, இந்த டைரியில்கூட எழுதவில்லை.

"ஜெரோம். கட்டிங்ல இருக்காருக்கா" என்றேன்.

அவள் எழுந்து என் பையைத் தன் தோளிலேயே மாட்டிக்கொண்டாள். "ஞாயித்துக்கெழமை வீட்டுக்குக் கூட்டிட்டு வா. கோழி அடிக்கறேன்" என்றாள்.